பிரவுசர் மாற்ற நினைப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், விவால்டி பிரவுசரை மூன்று வாரம் முழுநேரமாக ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகள் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க பிரவுசர்தான். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பத்து வருடமாக குரோம் மட்டும்தான். எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை எல்லாம் ஒன்றுதானா?

பதில்: நீங்கள் சொன்ன ஐந்தும் உள்ளே ஒன்றுதான், வெளியே வேறு வேறு. ஒரு இணையப் பக்கத்தின் நிரலை வாங்கி எழுத்தாகவும் படமாகவும் பட்டனாகவும் திரையில் வரைந்து காட்டுகிற பகுதிக்கு இன்ஜின் என்று பெயர். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஐந்திலும் ஓடுவது குரோமியம் என்ற ஒரே அடித்தளம், அதற்குள் பிளிங்க் என்ற ஒரே இன்ஜின். அதனால் குரோமிலிருந்து எட்ஜுக்குப் போனால் பக்கம் அழகாகத் தெரியும், வேகமாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைகிற கை ஒன்றேதான்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. ஓபராவுக்கு பிரெஸ்டோ என்று சொந்த இன்ஜின் இருந்தது, 2013-ல் அதை விட்டுவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-ல் எட்ஜைச் சொந்த இன்ஜினோடு கொண்டுவந்தது, 2020 ஜனவரியில் அதுவும் குரோமியத்துக்கு மாறிவிட்டது. இன்றைக்குப் பெரிய அளவில் புழங்குகிற இன்ஜின்கள் மூன்றே மூன்று. கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஓடுகிற மொஸில்லாவின் கெக்கோ. இதிலும் பிளிங்க் என்பது 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து போனது. வெப்கிட்டோ, கேடிஈ என்ற லினக்ஸ் குழுவினர் எழுதிய கேஹெச்டிஎம்எல்லிலிருந்து ஆப்பிள் எடுத்து வளர்த்தது. பூர்வீகம் பார்த்தால் பங்காளிகள்தான். கெக்கோ மட்டும் நெட்ஸ்கேப் வழியில் வந்த வேறு வம்சம்.

சரி, அப்புறம் எதை ஒப்பிடுவது? இன்ஜினுக்கு மேலே கட்டியிருக்கிற வீட்டைத்தான். டேப்களை எப்படி அடுக்க விடுகிறது, பின்தொடரும் குக்கிகளை (தளங்கள் நம் பிரவுசரில் விட்டுவைக்கிற சிறு அடையாளக் குறிப்புகள்) யார் சொல்லாமலே தடுக்கிறார்கள், செட்டிங்கை எவ்வளவு தூரம் நம் கையில் விடுகிறார்கள், நம் தரவு யாரிடம் போகிறது, வேண்டாம் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு எவ்வளவு சுலபமாகக் கிளம்பலாம். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கேட்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: விவால்டி அனுபவம் எப்படி இருந்தது? ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள்.

பதில்: முதல் மூன்று நாள் எரிச்சல். இது பிரவுசரின் குறை இல்லை, என் விரல்களின் பழக்கம். டவுன்லோடு எங்கே இருக்கும், புதிய டேப் எந்தப் பக்கம் திறக்கும் என்று கை தானாகப் போகிற இடத்தில் எதுவும் இருக்காது. எந்தப் புது பிரவுசரையும் முதல் மூன்று நாளில் எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நான்காவது நாளிலிருந்துதான் பிரவுசர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

விவால்டியின் பின்னால் இருப்பவர் ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வான் டெட்ஸ்னர். 2016 ஏப்ரலில் முதல் பதிப்பு வந்தது. பழைய ஓபராவில் இருந்தவர்களுக்குப் பிடித்த பல வசதிகள் இதில் திரும்ப வந்திருக்கின்றன. ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப்பை இழுத்துப் போட்டால் இரண்டும் ஒரே அடுக்காகிவிடும். நான் ஒரு கட்டுரைக்காகப் பதினெட்டு பக்கங்கள் திறந்து வைத்திருந்தேன். ஆறு மூல ஆவணங்கள், நான்கு செய்திகள், மீதி அகராதியும் அட்டவணைகளும். அவற்றை மூன்று அடுக்காகப் பிரித்ததும் மேல் வரிசையில் மூன்றே மூன்று டேப். ஒரு அடுக்கிலிருந்த இரண்டு பக்கங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இடது பக்கம் படித்துக்கொண்டே வலது பக்கம் எழுதினேன். பக்கவாட்டுப் பலகையில் குறிப்பேடு இருக்கிறது. பக்கத்தில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பாகச் சேர்த்தால் எந்த முகவரியிலிருந்து எடுத்தோம் என்பதும் கூடவே பதிவாகிறது. இரண்டு வாரம் கழித்து, இந்தத் தகவலை எங்கே படித்தோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும்போது அதன் அருமை தெரியும்.

எஃப்2 விசையை அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் தட்டினால் திறந்திருக்கிற டேப், புக்மார்க், ஹிஸ்டரி, மெனுவில் இருக்கிற கட்டளை என எல்லாமும் ஒரே இடத்தில் கிடைக்கும். மௌஸைத் தொடாமல் வேலை செய்கிறவர்கள் இதை விட மாட்டார்கள்.

குறை என்ன என்றால், செட்டிங் கடல் மாதிரி இருக்கிறது. எதையும் மாற்றாமல் அப்படியே பயன்படுத்த நினைக்கிறவருக்கு இது பாரம்தான். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு மெயில் பார்க்க, வீடியோ பார்க்க ஒரு பிரவுசர் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றால் நான் விவால்டியைப் போட மாட்டேன். நாளெல்லாம் இருபது டேப்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. எட்ஜிலும் செங்குத்து டேப் வரிசை 2021-லிருந்து இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அதை 2025 மார்ச்சில்தான் கொண்டுவந்தது, டேப் குழுக்களை அடுத்த மாதம். பழக்கமான இடத்திலேயே இந்த வசதி மட்டும் போதும் என்றால் அந்த இரண்டில் ஒன்றே போதுமானது.

கேள்வி: எது வேகம்? ஒரே வரியில் பதில் வேண்டும்.

பதில்: உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எதுவும் இல்லை.

ஒரு வரியோடு விட மனசில்லை. ஸ்பீடோமீட்டர் என்று ஒரு சோதனை இருக்கிறது. அதன் மூன்றாவது பதிப்பை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா நான்கும் சேர்ந்து உருவாக்கி 2024 மார்ச்சில் வெளியிட்டன. போட்டியாளர்கள் கூடி உட்கார்ந்து ஒரே அளவுகோலை ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். பட்டியலில் வரி சேர்ப்பது, டிக் அடிப்பது, எழுத்தைத் திருத்துவது, வரைபடம் வரைவது என்று ஒரு மனிதர் செய்கிற வேலைகளை அது கடகடவென்று செய்துபார்த்து எண் கொடுக்கும். ஆனால் அந்த எண்ணை வேறொருவர் கணினியில் வந்த எண்ணோடு ஒப்பிட்டால் பயன் இல்லை, செயலியே வேறு. உங்கள் கணினியிலேயே எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு நாமே சேர்க்கிற துணை நிரல்) எதுவும் இல்லாமல், மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, ஒவ்வொரு பிரவுசரிலும் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். என் கணினியில் ஒரே பிரவுசரே முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் வேறு எண் காட்டியது. பிரவுசருக்கும் பிரவுசருக்கும் இருந்த இடைவெளி அதைவிடப் பெரிதாக இல்லை.

பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் அந்தப் பக்கம் கூடவே இழுத்துக்கொண்டு வருகிற விளம்பர நிரல்களும் கண்காணிப்பு நிரல்களும்தான். அவற்றைத் தடுக்கிற பிரவுசர் வேகமாகத் தெரியும். பிரேவை முதல் தடவை திறக்கிறவர்கள் பறக்கிறது என்று சொல்வது இதனால்தான். இன்ஜின் அதே குரோமியம், சுமை மட்டும் குறைவு.

கேள்வி: குரோம் ரேமைத் தின்கிறது. மாற்றினால் குறையுமா?

பதில்: கொஞ்சம் குறையலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இப்போதைய பிரவுசர்கள் பெரும்பாலும் ஒரு தளத்தின் பக்கத்தை இன்னொரு தளத்தின் பக்கத்திலிருந்து தனித்தனி அறையில் பூட்டி வைக்கின்றன. 2018-ல் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளியே வந்தபோது, ஒரு டேப்பில் இருக்கிற கெட்ட நிரல் பக்கத்து டேப்பின் நினைவகத்தை எட்டிப்பார்க்க முடியும் என்று தெரிந்தது. அதே ஆண்டில் குரோம் கணினிகளில் தளவாரியாகப் பிரிக்கிற ஏற்பாட்டை இயல்பாக்கியது, ஃபயர்ஃபாக்ஸ் பின்னால் வந்தது. தனி அறை என்றால் தனி நினைவகம். உங்கள் வங்கிக் கணக்குப் பக்கம் பாதுகாப்பாக இருப்பதற்குக் கொடுக்கிற விலை அது, நான் மனதாரக் கொடுப்பேன்.

மாற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். குரோமில் ஷிப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் மெனுவில் அதே பெயரில் இருக்கிறது. நினைவக வரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். என்னிடம் வந்த ஒரு லேப்டாப்பில் இப்படிப் பார்த்தபோது, எந்த டேப்பையும்விட அதிகம் எடுத்துக்கொண்டிருந்தது, என்றைக்கோ போட்டு மறந்துபோன ஒரு எக்ஸ்டென்ஷன். அதை நீக்கியதும் அந்த லேப்டாப்பின் விசிறிச் சத்தமே அடங்கிவிட்டது. தொடாத டேப்பைத் தூங்க வைக்கிற வசதி குரோமில் மெமரி சேவர் என்ற பெயரில், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் என்ற பெயரில் இருக்கிறது, அதையும் ஆன் செய்யுங்கள். இதெல்லாம் செய்தும் திணறினால் அது ரேம் பற்றாக்குறை, பிரவுசரை மாற்றித் தீராது.

கேள்வி: குரோமில் நான் வைத்திருந்த விளம்பரத் தடுப்பான் ஒருநாள் ஆதரவு இல்லை என்று சொல்லி அணைந்துவிட்டது. ஏன்? எங்கே போனால் அது கிடைக்கும்?

பதில்: நீங்கள் சொல்வது யூபிளாக் ஆரிஜின் என்று நினைக்கிறேன். எக்ஸ்டென்ஷன்கள் எப்படி வேலை செய்யலாம் என்பதற்கு குரோம் வைத்திருக்கிற விதித்தொகுப்புக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். இரண்டாம் பதிப்பு விதியில், பக்கம் எந்த முகவரியைக் கேட்டாலும் அது வெளியே போவதற்கு முன் தடுப்பான் குறுக்கே நின்று, போ, போகாதே என்று அந்தந்த நொடியில் முடிவு செய்யலாம். மூன்றாம் பதிப்பில் அந்த அதிகாரம் இல்லை. இன்னின்னதைத் தடு என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், தடுப்பது பிரவுசரின் வேலை. எக்ஸ்டென்ஷன் உங்கள் போக்குவரத்து முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பாதுகாப்பு என்பது கூகுளின் வாதம். அதில் உண்மை இருக்கிறது, கெட்ட எக்ஸ்டென்ஷன்கள் அந்த வழியில்தான் உளவு பார்த்தன. ஆனால் விளம்பரத்தில் பிழைக்கிற நிறுவனமே தடுப்பானின் கையைக் கட்டுகிற விதியை எழுதுவதை நான் ஏற்கவில்லை. 2024-ல் படிப்படியாக ஆரம்பித்து 2025-ல் பழைய விதி எக்ஸ்டென்ஷன்களை குரோம் முழுமையாக நிறுத்தியது.

இப்போது வழி என்ன? குரோமிலேயே இருப்பதென்றால் யூபிளாக் ஆரிஜின் லைட் இருக்கிறது, அன்றாடத்துக்குப் போதும். முழு வலிமையோடு வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ். மொஸில்லா இரண்டு விதிகளையும் ஆதரிக்கிறது, அங்கே பழைய தடுப்பான் அப்படியே ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது, இது பலருக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் தன் ஆண்ட்ராய்டு பதிப்பை எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் திறந்துவிட்டது. பிரேவ், விவால்டி இரண்டிலும் தடுப்பான் பிரவுசருக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, எக்ஸ்டென்ஷன் விதி அதைத் தொடாது.

ஒரு எச்சரிக்கை. தடுப்பானை உச்சத்தில் வைத்தால் சில தளங்கள் உடையும். விவால்டியில் மூன்றாம் நாள் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, கோப்பை ஏற்றி, சமர்ப்பி பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை, பிழைச் செய்திகூட வரவில்லை. நான்கு முறை அழுத்தியும் அப்படியே நின்றது. முகவரிப் பட்டையில் இருக்கிற கேடயத்தைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தியதும் முதல் அழுத்தலில் போய்விட்டது. பிரவுசர் சரியில்லை என்று கைவிடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: குக்கிகள் விஷயத்தில் யார் நல்லவர்?

பதில்: ஒரு தளத்தில் நீங்கள் செருப்பு பார்த்தால் பத்து தளத்தில் அந்தச் செருப்பு துரத்தி வருகிறதே, அதற்குக் கைகொடுப்பது, நீங்கள் போன தளம் இல்லாமல் விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் வைக்கிற மூன்றாம் தரப்புக் குக்கி. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி அதை 2020 மார்ச்சில் முழுதாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனி ஜாடியில் அடைத்து வைக்கிற முறையை எல்லோருக்கும் இயல்பாக்கியது. பிரேவ் சொல்லவே வேண்டாம், அதன் பிழைப்பே இதுதான். குரோம் 2020 ஜனவரியில், இரண்டு வருடத்துக்குள் நிறுத்துகிறோம் என்றது, தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. குரோமிலும் செட்டிங்கில் போய் நீங்களே தடுக்கலாம். ஆனால் தேடிப் போய்ச் செய்கிறவர் எத்தனை பேர்?

கேள்வி: இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில் திறந்தால் யாருக்கும் தெரியாதல்லவா?

பதில்: உங்கள் கணினியில் அடுத்து உட்காருகிறவருக்குத் தெரியாது. நீங்கள் போன தளத்துக்கும், அலுவலக நெட்வொர்க்குக்கும், இணைய இணைப்பு தருகிறவருக்கும் தெரியும். இதைப் பற்றி 2020-ல் கூகுள் மேல் தொடரப்பட்ட வழக்கு 2024-ல் சமரசத்தில் முடிந்து, சேர்த்துவைத்த தரவை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. எந்த பிரவுசரின் தனி ஜன்னலும் இதே கதைதான், இணைப்பைப் பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பி ஆளை மறைக்கிற டோர் பிரவுசர் மட்டும் வேறு வகை.

கேள்வி: மாற ஆசைதான். பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் போய்விடுமோ என்று பயம்.

பதில்: நியாயமான பயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேர் வழுக்கியது இங்கேதான்.

புது பிரவுசர் முதல் முறை திறக்கும்போதே, பழையதிலிருந்து கொண்டுவரட்டுமா என்று கேட்கும். புக்மார்க் பத்து நொடியில் வந்துவிடும். பாஸ்வேர்டு சில நேரம் வரும், சில நேரம் வராது. வராவிட்டால் பழைய பிரவுசரின் பாஸ்வேர்டு பகுதியில் ஏற்றுமதி என்பதைச் சொடுக்கினால் சிஎஸ்வி கோப்பு ஒன்று கிடைக்கும், அதைப் புதியதில் இறக்குமதி செய்தால் முடிந்தது. அந்தக் கோப்பை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள். தளத்தின் முகவரி, ஒரு கமா, உங்கள் பயனர் பெயர், ஒரு கமா, அப்புறம் உங்கள் பாஸ்வேர்டு, பூட்டும் இல்லை திரையும் இல்லை, அப்பட்டமாக. வங்கி முதல் மெயில் வரை அத்தனையும் வரிசையாக. அதை டவுன்லோடு ஃபோல்டரில் விட்டுவைப்பது வீட்டுச் சாவிக்கொத்தை வாசற்படியில் வைப்பதற்குச் சமம். இறக்குமதி முடிந்த அடுத்த நிமிடம் அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், மேகச் சேமிப்போடு இணைந்த ஃபோல்டர் என்றால் அங்கேயும் அழிந்ததா என்று பாருங்கள்.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே நுழைய உதவும் மின்னணுச் சாவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது சிஎஸ்வியில் வராது. எந்தக் கணக்கில் பாஸ்கீ மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்து, புதிய இடத்தில் இன்னொரு பாஸ்கீ உருவாக்கிக்கொண்ட பிறகே பழையதைத் தொடுங்கள். லாகின் நிலையும் கூட வராது, எல்லாத் தளத்திலும் மறுபடி உள்ளே நுழைய வேண்டும், இரண்டாம் கட்டக் குறியீடு கேட்கும். அதனால் கையில் போன் இருக்கிற, அவசரம் இல்லாத ஒரு நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் வலியோடு கற்றது. சில வருடம் முன்பு வேறொரு பிரவுசரைச் சோதித்தபோது, சிங்க் ஆன் செய்துவிட்டு, சும்மா சோதனைதானே என்று கணினியில் இருந்த பழைய புக்மார்க் ஃபோல்டர்களைச் சுத்தம் செய்தேன். அன்று மாலை போனைத் திறந்தால் அதிலும் இல்லை. பல வருடச் சேகரிப்பு, ஒரே சொடுக்கில். சிங்க் என்பது ஒரு இடத்தில் நடந்ததை எல்லா இடத்திலும் நடத்துவது, அழித்தலையும் சேர்த்துத்தான். அது பிரதி எடுப்பது ஆகாது. புக்மார்க்கை ஹெச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து தனியே ஒன்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். எல்லாப் பெரிய பிரவுசரிலும் அந்த வசதி இருக்கிறது.

கேள்வி: ஐபோனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டேன், சஃபாரி மாதிரியேதான் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனும் போட முடியவில்லை.

பதில்: உங்கள் கணிப்பு சரி. ஐபோனில் எந்த பிரவுசரும் ஆப்பிளின் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது நெடுநாள் விதி. பெயர் ஃபயர்ஃபாக்ஸ், உள்ளே சஃபாரியின் இன்ஜின். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் 2024 மார்ச்சில், ஐஓஎஸ் 17.4-ல் அங்கே மட்டும் கதவு திறந்தது. பெரும்பாலான நாடுகளில் இன்னும் பழைய விதியே. அதனால் ஐபோனில் பிரவுசர் ஒப்பீடு என்பது சிங்க், டேப் அமைப்பு, தடுப்பு வசதி ஆகியவற்றின் ஒப்பீடு மட்டும். கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் என்றால் போனிலும் அதையே வையுங்கள், டேப்பை அங்கிருந்து இங்கே அனுப்பிக்கொள்ளவாவது உதவும்.

கேள்வி: தமிழ்ப் பக்கங்களுக்கு எது நல்லது? சில தளங்களில் எழுத்து பொடிப்பொடியாக, கண்ணை உறுத்துகிற ஃபாண்டில் வருகிறது.

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு நன்றி, பிரவுசர் ஒப்பீடுகளில் யாரும் தொடாத இடம் இது. ‘கெ’ என்று நாம் தட்டும்போது கணினிக்குள் முதலில் பதிவாவது ககரம், அடுத்துத்தான் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். இந்த அடுக்கும் வேலையை குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறந்த மூல நிரல்தான் செய்கிறது. ஆகவே எழுத்து உடைவதிலோ இடம் மாறுவதிலோ இன்று இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க முடியாது. பழைய நாட்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

வித்தியாசம் செட்டிங்கில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் எழுத்துரு அமைப்பின் மேம்பட்ட பகுதிக்குப் போனால் மொழிவாரியாக ஒரு பட்டியல் வரும், அதில் தமிழ் தனியாக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து உங்களுக்குப் பிடித்த ஃபாண்டையும், குறைந்தபட்ச அளவையும் வைக்கலாம். பக்கங்கள் சொந்த ஃபாண்டைப் பயன்படுத்தலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டால் எந்தத் தளத்துக்குப் போனாலும் தமிழ் உங்கள் ஃபாண்டில்தான் வரும். குரோமில் இப்படித் தமிழுக்கென்று தனி இடம் கிடையாது, பொதுவாக ஒரே அமைப்புதான். நீண்ட கட்டுரைகளைப் படிக்கிற எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஃபயர்ஃபாக்ஸ் வேண்டும்.

காதால் கேட்க நினைப்பவர்களுக்கு எட்ஜ். கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் அழுத்தினால் பக்கத்தை வாசிக்க ஆரம்பிக்கும். தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் போன்ற குரல்கள் இருக்கின்றன. இயந்திரத்தனம் குறைந்த, காதுக்கு இதமான குரல்கள். கண் பார்வை தளர்ந்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் இதை ஒருமுறை காட்டுங்கள்.

கேள்வி: ஏஐ பிரவுசர்கள் வந்துவிட்டனவே, காமெட், அட்லஸ் என்று. அதற்கே தாவிவிடலாமா?

பதில்: பெர்ப்ளெக்சிட்டியின் காமெட் 2025 ஜூலையில் வந்தது, ஓபன்ஏஐயின் அட்லஸ் அக்டோபரில், முதலில் மேக் கணினிகளுக்கு. இரண்டும் அதே குரோமியம் மேல் கட்டியவை. நீளமான பக்கத்தைச் சுருக்கித் தருவது நிஜமாகவே உதவுகிறது. என் தயக்கம், உங்களுக்குப் பதிலாக அதுவே சொடுக்கி வேலை செய்கிற பகுதியில்தான். நீங்கள் சொல்கிற கட்டளையும் எழுத்து, பக்கத்தில் இருப்பதும் எழுத்து. இரண்டையும் ஒரே மாதிரி படிக்கிற இயந்திரம் எது எஜமானின் குரல் என்று குழம்பலாம். பிரேவின் பாதுகாப்புக் குழு 2025 ஆகஸ்டில் இதைச் செய்தே காட்டியது. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஒரு கருத்துக்குள் மறைத்து வைத்த வாசகம், அந்தப் பக்கத்தைச் சுருக்கச் சொன்னவரின் மெயில் முகவரியையும் மெயிலுக்கு வந்த ஒருமுறைக் குறியீட்டையும் எடுத்துக் கொடுக்கும்படி காமெட்டை ஏவியது. பிரேவ் போட்டியாளர் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படித்தேன், ஆனால் செய்முறை தெளிவாக இருந்தது. அந்த ஒரு ஓட்டையை அடைக்கலாம், இந்த வகை ஆபத்துக்கே முழு மருந்து இன்னும் இல்லை. ஆசைப்பட்டால் போட்டுப் பாருங்கள், வங்கிக்கும் முக்கிய மெயிலுக்கும் அதில் லாகின் செய்யாமல்.

கேள்வி: புது பிரவுசர் நாளைக்கு மூடப்பட்டால்?

பதில்: நடக்கும். ஆர்க் பிரவுசரின் 1.0 பதிப்பு 2023 ஜூலையில் வந்து நிறையப் பேர் மனதைப் பிடித்தது. 2025-ல் அதற்குப் புது வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம் என்று அறிவித்தார்கள், அதே ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனத்தை வாங்குவதாக அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் அறிவித்தது. ஹெச்டிஎம்எல், சிஎஸ்வி ஏற்றுமதி பற்றி நான் இவ்வளவு நச்சரிப்பது இதற்காகத்தான். சின்ன பிரவுசர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். குரோம் 2023 ஆகஸ்டிலிருந்து வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் விடுகிறது. அதே திருத்தம் நீங்கள் வைத்திருக்கிற பிரவுசருக்கு எத்தனை நாளில் வருகிறது என்று அவர்களுடைய வெளியீட்டுக் குறிப்பைப் பாருங்கள். இரண்டொரு நாள் என்றால் சரி. வாரக்கணக்கில் என்றால் அதில் லாகின் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எல்லோரும் குரோமியத்துக்கு வந்துவிட்டால் என்ன கெட்டுவிடும்? தளம் செய்கிறவர்களுக்கு வேலை மிச்சம்தானே?

பதில்: நான் தளம் செய்கிற பக்கத்திலும் கொஞ்சம் இருந்தவன், அந்த நிம்மதி புரிகிறது. ஆனால் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டோம். 2001-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. போட்டிக்கு ஆள் இல்லை, உச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அதில்தான். அடுத்த பதிப்பு வர 2006 அக்டோபர் ஆனது, ஐந்து வருடம். டேப்கூட இல்லாத ஒரு பிரவுசரில் உலகமே உட்கார்ந்திருந்தது. தளங்கள் அதற்கு மட்டும் என்று எழுதப்பட்டன. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து மக்கள் நகர ஆரம்பித்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் அசைந்தது. இன்று குரோம் மட்டுமே உலகப் பயன்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கூகுள் சோம்பேறி இல்லை, வேகமாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனாலும் எது தரநிலை, எந்த எக்ஸ்டென்ஷன் வாழலாம் என்பதை ஒரே நிறுவனம் முடிவு செய்கிற நிலை வரும்போது மறுத்துச் சொல்ல இன்னொரு இன்ஜின் வேண்டும். கெக்கோவின் நிலை கவலைதான், மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடலை இயல்பாக வைப்பதற்காகக் கூகுளே கொடுப்பது. லேடிபேர்ட் என்று ஒரு லாப நோக்கற்ற அமைப்பு 2024-ல் தொடங்கி, மற்ற பிரவுசர்களின் இன்ஜின் எதையும் எடுக்காமல் அடியிலிருந்து ஒரு புது இன்ஜினைக் கட்டிக்கொண்டிருக்கிறது. முதல் சோதனைப் பதிப்புக்கு 2026 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆவலோடு காத்திருக்கிறேன்.

கேள்வி: கடைசியில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள்?

பதில்: படிப்பதும் அன்றாட வேலையும் ஃபயர்ஃபாக்ஸில், காரணம் மேலே சொன்ன தமிழ் ஃபாண்டும் தடுப்பானும். கட்டுரை எழுத உட்காரும்போது மட்டும் விவால்டி, அந்த அடுக்கு டேப்புக்கும் குறிப்பேட்டுக்கும். இரண்டிலும் பிடிவாதம் பிடிக்கிற தளங்களுக்கு எட்ஜ் ஓரமாகக் கிடக்கிறது, மாதத்துக்கு ஒரு முறை திறந்தால் அதிகம். இந்தப் பதில்களை எழுதியதும் விவால்டியில்தான். பன்னிரண்டு டேப், இரண்டு அடுக்கு.